மார்ச் 31க்கும் அடைமழைக்கும் நடுவே: ஆய்வுத் திட்ட மேலாளர் வேலை

புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில், மத்திய அரசு நிதியில் நடக்கும் மூன்றாண்டுத் திட்டத்துக்கு மேலாளராகச் சேரப்போகிறீர்கள். புதுச்சேரி, கடலூர் இரண்டு பக்கமும் சேர்த்து 1,200 வீடுகளில் கேள்வித்தாள், வீட்டுக்கு ஒருவரிடம் ரத்த மாதிரி. இதுவரை ஆய்வகத்தில் மட்டும் வேலை பார்த்தவர் என்கிறீர்கள். இந்த வேலையில் என்னென்ன பார்க்க வேண்டும், எங்கே சறுக்கும் என்பது உங்கள் கேள்வி.

பணம், அனுமதி, ஆள், பருவம் நான்கும் ஒரே வாரத்தில் கூடிவரும்படி செய்வதுதான் இந்த வேலை. அனுமதியையும் ஆளையும் உங்கள் உழைப்பால் முன்னே இழுக்கலாம். பணத்தின் ஆண்டுக் கணக்கும் பருவமும் யார் சொன்னாலும் நகராது. நம் கடற்கரையில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இங்கே நடக்கும் களத் திட்டங்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் அந்த மோதல்தான் காரணம். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. புயல்களும் அப்போதுதான். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீடு வீடாகப் போகும் எந்த வேலையையும் அட்டவணையில் போடாதீர்கள். அதன்பின் பொங்கல். ஆக, களம் உண்மையில் திறப்பது ஜனவரி 20 வாக்கில். நிதியாண்டு மூடுவது மார்ச் 31. இடையே 71 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் 60 சொச்சம். குடியரசு நாள், வடலூர் தைப்பூசம், மாசி மகம் இவற்றையும் கழியுங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் கேள்வித்தாளோடு போய் நின்றால் பதில் சொல்ல ஆள் கிடைக்காது. மிஞ்சுவது 57 நாள் என்று வையுங்கள்.

இப்போது வேலையின் அளவு. 45 நிமிடக் கேள்வித்தாள் என்றால், நடை, காத்திருப்பு, ஒப்புதல் விளக்கம் எல்லாம் சேர்த்து ஒரு கணக்கெடுப்பாளர் நாளுக்கு 6 வீடு முடிப்பார். பத்து முடிப்பேன் என்பவரின் படிவங்களை உடனே சரிபாருங்கள். நான்கு பேர் என்றால் நாளுக்கு 24 வீடு, 1,200 வீட்டுக்கு 50 நாள். பூட்டிய வீடு, "சாயங்காலம் வாங்க" என்று அனுப்பிய வீடு என்று 15 சதவீதம் மறுநடை போட்டால் 57 அல்லது 58 நாள். கையில் இருப்பதும் அதே அளவுதான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே திட்டம் ஏப்ரலுக்குள் வழிந்துவிடும். ஐந்து பேர் வைத்தால் 46 நாளில் முடியும். ஐந்தாவது ஆளைக் கேட்டு, திட்டத்தின் தலைவரான முதன்மை ஆய்வாளரிடம் போகும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மோதல் இதோடு முடியவில்லை. களத்துக்கு முன்பணம் அதிகமாகத் தேவைப்படும் மாதம் மார்ச். அக்கவுண்ட்ஸ் பிரிவு பில் வாங்குவதை நிறுத்தும் மாதமும் மார்ச். பல நிறுவனங்களில் மாதத்தின் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே கடைசித் தேதி வைத்துவிடுவார்கள். அந்தத் தேதி என்னவென்று ஜனவரியிலேயே கேட்டு எழுதி வையுங்கள். வாடகை வண்டிக்கும் களப்படிக்கும் வாரா வாரம் பில் போடுங்கள். மார்ச் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டினால் பாதி திரும்பி வரும்: வண்டியின் லாக் புக்கில் தொடக்க, முடிவு கிலோமீட்டர் இல்லை, ஓட்டுநர் கையெழுத்து இல்லை, 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. எல்லாமே அற்பக் காரணங்கள்தான். ஆனால் ஏப்ரல் பிறந்ததும் அந்தப் பணத்துக்கு வழி கிடையாது.

அதனால் என் தெளிவான கருத்து: நிதி ஒப்புதல் ஆகஸ்டுக்குப் பிறகு வந்தால் முதல் ஆண்டிலேயே பெரிய கணக்கெடுப்புக்குப் போகாதீர்கள். அந்த ஜனவரி முதல் மார்ச் வரை வீட்டுப் பட்டியல் எடுப்பது, 30 வீட்டில் முன்னோட்டம் பார்ப்பது, ஆட்களைப் பழக்குவது இவற்றோடு நிறுத்துங்கள். முழுக் கணக்கெடுப்பு இரண்டாம் ஆண்டு ஜனவரியில். மூன்றாம் ஆண்டின் அதே பருவம் விட்டுப்போனதை நிரப்ப. "முதல் ஆண்டில் ஒன்றும் நடக்கவில்லையே" என்று மதிப்பீட்டுக் குழு கேட்கும். அதற்கு அனுமதிக் கடிதங்கள், வாங்கிய கருவிகள், முன்னோட்ட முடிவுகள் மூன்றையும் மேசையில் வைக்க முடிந்தால் போதும்.

அடுத்து சாங்ஷன் ஆர்டர், அதாவது நிதி ஒப்புதல் ஆணை. திட்ட முன்மொழிவை நீங்கள் பத்து தடவை படித்திருக்கலாம். இனி உங்களைக் கட்டுப்படுத்துவது இந்த நான்கைந்து பக்கம்தான். திட்டம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். ஆணையின் தேதியா, பணம் வந்த தேதியா என்பதில் சில மாதம் ஏறும் இறங்கும். பிறகு ஹெட் (செலவுத் தலைப்பு) வாரியாக எவ்வளவு என்று பாருங்கள்: கருவிகள், ஊழியர், நுகர்பொருள், பயணம், சில்லறைச் செலவு, நிறுவனத்துக்கான மேல்செலவு. ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, நிதி தருபவரின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்கு முன்பே செலவழித்துவிட்டால் அது தணிக்கையில் ஆட்சேபணையாக நிற்கும், யார் கையெழுத்துப் போட்டாரோ அவர் தலையில் விழும். அதேபோல, பணம் எந்த முறையில் வருகிறது என்று அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் வருவது வங்கியில் கிடக்கும் பணமல்ல, செலவழிக்கும் வரம்பு மட்டுமே. செலவாகாத வரம்பு மார்ச் 31ஓடு காலாவதியாகிவிடும். பழைய முறையில் பணம் நிறுவனக் கணக்கில் இருந்தால் அதற்கு வட்டி சேரும், ஆனால் அந்த வட்டி உங்களுடையதல்ல. கணக்கு முடித்ததும் பாரத்கோஷ் என்ற மத்திய அரசின் இணையத் தளம் வழியாக அரசின் தொகுப்பு நிதிக்குக் கட்டிவிட வேண்டும்.

வந்த பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை எல்லோரும் யூசி என்றுதான் சொல்வார்கள். பொது நிதி விதிகள் 2017இன்படி அதற்கான படிவம் 12ஏ. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் தரலாம் என்று விதி இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. யூசியும் செலவு அறிக்கையும் போகாமல் அடுத்த தவணை வராது. ஏப்ரல் முதல் வாரத்தில் வேலையைத் தொடங்கினால் முதன்மை ஆய்வாளர், நிதி அலுவலர், நிறுவனத் தலைவர் மூவரின் கையெழுத்தும் சேர மே ஆகிவிடும். அவர்களில் ஒருவர் கோடை விடுமுறைக்குப் போனால் ஜூன். அடுத்த தவணை இல்லாமல் ஜூலைச் சம்பளம் நிற்கும், உங்களிடம் பழகிய கணக்கெடுப்பாளர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார். யூசி தாமதத்தின் உண்மையான விலை அதுதான். உங்கள் கணினியில் தனியாக ஒரு செலவுப் பதிவேடு வைத்து மாதா மாதம் அக்கவுண்ட்ஸ் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். ஆண்டு முடிவில் ஒத்துப் பார்க்கும்போது வேறு திட்டத்தின் பில் உங்கள் ஹெட்டில் ஏறியிருப்பது தெரியவரும். அதைத் திருத்துவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

கருவி வாங்குவதில் ஒரு பழைய பொறி இன்னும் வேலை செய்கிறது. ஆய்வு நிறுவனங்களுக்கு முன்பு கிடைத்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் பொதுவாக 18 ஆனது. இப்போது உங்கள் கருவிக்கு என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய முன்மொழிவைப் பார்த்து நகலெடுத்த பட்ஜெட்டுகளில் அந்த 5 இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். விகிதம் 18 என்றால், 10 லட்ச ரூபாய்க் கருவிக்கு அதனால் விழும் பள்ளம் 1,30,000 ரூபாய். கருவி வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் டாலர் ஏற்றத்துக்கும் கொஞ்சம் கூடுதல் தொகை வைக்க வேண்டும். மத்திய அறிவியல் துறைகளின் கீழுள்ள ஆய்வு நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் வரம்புகளை உயர்த்தினார்கள்: 2 லட்சம் வரை விலைப்புள்ளி கேட்காமலே வாங்கலாம், 25 லட்சம் வரை கொள்முதல் குழு வழியாக வாங்கலாம். உங்கள் நிறுவனம் அதை ஏற்று உள் உத்தரவு போட்டிருக்கிறதா என்று பர்ச்சேஸ் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். கடலூர்ப் பக்கத்துப் பங்குதாரர் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அங்கே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பேசும். ஒரே கருவியை இரண்டு பக்கமும் வாங்கினாலும் இரண்டும் ஒரே வேகத்தில் வராது.

டெண்டர் என்றாகிவிட்டால் தொழில்நுட்பக் குறிப்பு, குறைந்தது மூன்று வாரம் விளம்பரம், ஒப்பீடு, ஆணை, இறக்குமதி, நிறுவுதல் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு மாதம் விழுங்கும். அக்டோபரில் ஒப்புதல் வந்த திட்டத்தின் கருவி மார்ச்சுக்குள் வராது. குறைந்தபட்சம் கொள்முதல் ஆணையாவது மார்ச்சுக்குள் போய்விட வேண்டும், அப்போதுதான் அந்தத் தொகையை ஒப்புக்கொண்ட செலவு என்று அறிக்கையில் தனியாகக் காட்டலாம். ஆக, தொழில்நுட்பக் குறிப்பு எழுதும் நாள் ஒப்புதல் கடிதம் வந்த அன்றே. கருவி வரும் அறைக்கு மும்முனை மின்சாரம், குளிர்சாதனம், யுபிஎஸ் இருக்கிறதா என்றும் அன்றே பாருங்கள். மின்பணிக்கான கோப்பு கருவியின் கோப்பைவிட மெதுவாக நகரும்.

இனி அனுமதிகள். இந்த ஊருக்கே உரிய சிக்கல் இங்கேதான். பாகூர்ப் பக்கம் ஓர் ஊர் புதுச்சேரி, அடுத்தது கடலூர் மாவட்டம், அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி. கண்ணுக்கு ஒரே வயல்வெளி, காகிதத்தில் இரண்டு அரசு. ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அதன் ஊழியரையோ பயன்படுத்துவதென்றால், புதுச்சேரிப் பக்கத்துக்கு அங்குள்ள சுகாதாரம் மற்றும் குடும்ப நல இயக்ககம், கடலூர்ப் பக்கத்துக்குச் சென்னையில் இருக்கும் பொது சுகாதார இயக்குநரகம், அதன்பின் மாவட்ட சுகாதார அலுவலர். சென்னைக் கடிதம் தாமதமாகும். அதை முதலில் அனுப்புங்கள். மாதிரி ஊர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பட்டியலில் ஒரு நெடுவரிசை சேர்த்து, வீட்டுப் பட்டியல் எடுக்கையில் ஜிபிஎஸ் புள்ளியும் பதியுங்கள். இல்லையென்றால் கணக்கெடுப்பாளர் பேச்சுவாக்கில் எல்லை தாண்டிவிடுவார். விடுமுறைகளும் வேறு வேறு: ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் வேலை நாள்.

பின்னால் யாராவது "யூனியன் பிரதேசம் முழுக்க விரிப்போம்" என்று உற்சாகமாகச் சொன்னால், காரைக்காலோடு மாஹேயும் ஏனாமும் அதில் சேரும் என்று நினைவுபடுத்துங்கள். ஒப்புதல் படிவம் தமிழோடு மலையாளத்திலும் தெலுங்கிலும் வேண்டும், ஒவ்வொன்றுக்கும், மனிதரிடம் நடத்தும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் முத்திரை வேண்டும்.

நெறிமுறைக் குழு தினமும் கூடாது. கூட்டத் தேதியையும், அதற்கு எத்தனை நாள் முன்பு கோப்பு சேர வேண்டும் என்பதையும் உறுப்பினர் செயலர் அலுவலகத்தில் கேட்டு, பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முதல் கூட்டத்திலேயே ஒப்புதல் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், ஒரு சுற்றுக் கேள்வி வரும். பெரும்பாலும் ஆய்வின் வடிவத்தைக் கேட்கமாட்டார்கள், ஒப்புதல் படிவத்தைத்தான் பிடிப்பார்கள்: தமிழ் கடினமாக இருக்கிறது, மிச்ச ரத்தத்தை என்ன செய்வீர்கள் என்று சொல்லவில்லை, படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சாட்சிக்கு இடமில்லை. அந்தச் சாட்சி உங்கள் குழுவைச் சேராத ஒருவராக இருக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகு கேள்வித்தாளில் ஒரு கேள்வியைச் சேர்த்தால்கூட, திருத்தத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே களத்துக்குப் போக வேண்டும். வெறும் கணக்கெடுப்புக்கு, சிகிச்சைச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் (சிடிஆர்ஐ) பதிய வேண்டியதில்லை. மருந்தோ வேறு தலையீடோ சோதிப்பதென்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கூட்டாளிகள் சாதாரணம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சுகாதார ஆய்வில் வெளிநாட்டுப் பணமோ பங்கோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு என்று இன்னொரு படி உண்டு. அந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வந்தால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது.

ஆட்கள் விஷயம். விளம்பரம், நேர்காணல், ஆணை, சேருதல் என்று ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். தேர்வுக் குழுவிடம் காத்திருப்போர் பட்டியலையும் சேர்த்தே கையெழுத்து வாங்குங்கள். நெட், டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று ஏதாவது ஒரு முடிவு வந்து ஒருவர் கட்டாயம் போவார், பட்டியல் இருந்தால் மறு விளம்பரம் வேண்டாம். போகிறவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஒப்பந்த வேலை, அவரவர் வாழ்க்கை. வீட்டு வாடகைப் படியில் ஒரு மனக்கசப்பு காத்திருக்கிறது. மத்திய அரசின் நகர வகைப்பாட்டில் புதுச்சேரி ஒய், கடலூர் இசட். இசட்டுக்கு உள்ள விகிதம் ஒய்க்கு உள்ளதில் பாதி. ஜெஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் இருவருக்கும் ஒரே 37,000தான், படி மட்டும் பணியிடத்தைப் பொறுத்து மாறும். சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால் முணுமுணுப்போடு போகும். முதல் சம்பளத்தில் அவர்களாகக் கண்டுபிடித்தால் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்கள்.

களத்தில் நேரம்தான் பெரிய தலைவலி. வெறும் வயிற்று ரத்தம் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் எடுத்தாக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் கேள்வித்தாளுக்கு உட்காருவது மாலை ஐந்துக்கு மேல். பண்ருட்டிப் பக்கம் மார்ச்சில் முந்திரி தொடங்கிவிட்டால் பெண்கள் விடிந்ததும் தோப்புக்குப் போய்விடுவார்கள். எனவே ரத்தம் எடுப்பவரை ஒரு குழுவாகவும் கேள்வி கேட்பவர்களை இன்னொரு குழுவாகவும் பிரித்து, முந்திய நாள் கேள்வித்தாள், மறுநாள் காலை ரத்தம் என்று ஓட்டுங்கள். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து ஊர்களை ஜனவரி, பிப்ரவரியிலேயே முடியுங்கள். கரையோரக் குப்பங்களில் ஆண்களைப் பிடிப்பது எப்போதும் கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அந்த ஊர்களை மட்டும் அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கலாம். வெயிலுக்குப் பயந்தால் அதிகாலையில் போங்கள்.

சர்க்கரை அளவு பார்ப்பதாக இருந்தால் சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துகொண்டே போகும். விருத்தாசலத்தில் எடுத்து, சீரம் பிரிக்க மதியம் புதுச்சேரியில் சுழற்றினால் அங்கே சர்க்கரை நோயே குறைவு என்று உங்கள் தரவு சொல்லும், அது பொய். அருகிலுள்ள சுகாதார நிலையத்திலேயே ஒரு சிறிய மையவிலக்கி வைத்து, அரை மணி உறையவிட்டு, அங்கேயே சீரம் பிரித்து, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். சர்க்கரைக்கு மட்டும், அது குறைவதை மட்டுப்படுத்தும் ஃப்ளோரைடு குழாய், அதையும் அங்கேயே சீக்கிரம் சுழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு சிறு குழாயில் பிரித்து, இரண்டாவதை வேறு கட்டடத்தின் உறைபெட்டியில் வையுங்கள். தானேவுக்குப் பிறகு கடலூரில் மின்சாரம் எத்தனை நாள் வராமல் கிடந்தது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் இதற்குக் காரணம் புரியும். புயல் எச்சரிக்கை வந்ததும் ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்பி, எந்தப் பெட்டியில் எந்த அடுக்கில் என்ன என்ற வரைபடத்தை அச்செடுத்துக் கதவில் ஒட்டிவிட்டு, மூடிய கதவைத் திறக்காமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு.

தரவை ரெட்கேப் அல்லது கோபோ என்ற தரவுப் பதிவுச் செயலியில் டேப்லெட்டிலேயே பதியுங்கள், இணையம் இல்லாத இடத்திலும் ஓடும். அன்றன்றைய பதிவு அன்றிரவே சர்வருக்கு ஏற வேண்டும். மறுநாள் காலை நீங்கள் பார்க்க வேண்டியது: யாருடைய பேட்டிகள் 20 நிமிடத்துக்குள் முடிந்திருக்கின்றன, யாருக்கு "இல்லை" என்ற பதில் அளவுக்கு மீறி வருகிறது. "ஆம்" என்றால் கூடுதலாக 12 கேள்வி திறக்கும் என்று கண்டுபிடித்த கணக்கெடுப்பாளர், மூன்றாவது வாரத்திலிருந்து "இல்லை" என்றே அழுத்தத் தொடங்குவார். மேற்பார்வையாளர் பத்தில் ஒரு வீட்டுக்கு மறுபடி போய் நான்கைந்து கேள்வியை மட்டும் கேட்டு ஒப்பிட்டால் இது அடங்கும். எந்த வீடு என்பதை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, நீங்கள் கொடுங்கள்.

முதன்மை ஆய்வாளரோடு உறவு எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் திட்டம் ஓடுவதும் நிற்பதும் அதில்தான். கையெழுத்து அதிகாரம் அவரிடம், காலக்கெடு உங்களிடம். சாருக்கோ மேடத்துக்கோ வகுப்பு, நோயாளி, டெல்லிக் கூட்டம் என்று ஆயிரம் இருக்கும். "சார், பர்ச்சேஸில் ஒரு பிரச்சினை" என்று போய் நின்றால் "அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் பதில். ஒரு பக்கக் குறிப்பு கொண்டு போங்கள்: என்ன முடிவு வேண்டும், இரண்டு வழி என்ன, என் பரிந்துரை எது, எந்தத் தேதிக்குள் முடிவாகாவிட்டால் என்ன இழப்போம். கையெழுத்துக்கு இடம் விட்டு அச்செடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன முடிவை அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அவருக்கே அது உதவியாக இருக்கும். கெட்ட செய்தியைத் தேக்கி வைக்காதீர்கள். நாள் தள்ளத் தள்ள அவர் கையில் இருக்கும் வழிகள் குறையும். கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில் என்பதையும் முதல் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் பேசி முடிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டுமென்றால் கூச்சப்படாமல் அப்போதே கேளுங்கள்.

திட்டத்தை மூடும் வேலை கடைசி மாதத்தில் தொடங்குவதல்ல, ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கால நீட்டிப்பு தேவைப்பட்டால் முடிவுத் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும், முடிந்த பின் கேட்டால் எளிதில் கிடைக்காது. கடைசி மூன்று மாதத்தில் புதிதாகக் கருவி எதையும் வாங்காதீர்கள், தணிக்கையாளர் முதலில் விரல் வைப்பது அதில்தான். முடிவில் தர வேண்டியவை: இறுதி யூசி, தணிக்கை செய்த செலவு அறிக்கை, சொத்துப் பட்டியல், நிறைவு அறிக்கை, மிச்சப் பணத்தைத் திருப்பிக் கட்டிய ரசீது, நெறிமுறைக் குழுவுக்கு நிறைவுக் கடிதம். கருவிகளில் திட்டத்தின் பெயரும் ஆண்டும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கட்டும், பதிவேட்டு எண்ணோடு ஒத்துப்போகட்டும். தரவுக் கோப்போடு ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன என்று சொல்லும் அகராதியைச் சேர்த்து, பெயரும் கைபேசி எண்ணும் உள்ள கோப்பைத் தனியே பூட்டி, அதன் பொறுப்பு யாரிடம் என்று எழுத்தில் ஒப்படையுங்கள். கணக்கெடுப்பாளர்களின் அனுபவச் சான்றிதழை அவர்களின் கடைசி வேலை நாளுக்கு முன்பே கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். முதன்மை ஆய்வாளர் ஓய்வு பெற்றோ மாறுதலாகியோ போய்விட்டால் அதில் கையெழுத்துப் போட ஆள் இருக்கமாட்டார்.